முப்பத்தொரு லட்சம் மீட்டரும் ஒரு அங்குலமும்

வீட்டில் மொத்தம் எத்தனை மீட்டர் இருக்கிறது என்று எப்போதாவது எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? வாசல் ஓரத்தில் ஈ.பி. மீட்டர். ஸ்கூட்டரில் ஒன்று. சர்க்கரைக்கு ஒன்று, பி.பி.க்கு ஒன்று. ஜுரம் பார்க்கும் குச்சியையும் சேர்த்தால் அஞ்சு.

இவற்றில் இரண்டு ரகம். ஒரு ரகம் இந்த நிமிஷம் நிலைமை எப்படி என்று சொல்லும். அதோடு வாதாடலாம். ‘நேத்து கல்யாண வீட்டுல ஒரு ஜாங்கிரி, அதான் 210 காட்டுது’ என்று சமாதானம் சொல்லலாம். நாளைக்கே வேறு நம்பர் வரும். இன்னொரு ரகம், பிறந்த நாளிலிருந்து கூட்டிக் கொண்டே வருவது. ஸ்கூட்டரின் கிலோமீட்டர் அப்படி. போன தீபாவளிக்கு நீங்கள் எங்கே போனீர்கள், யாரைப் பின்னால் உட்கார வைத்திருந்தீர்கள் என்றெல்லாம் அதற்குத் தெரியாது. ஆனால் போனது போனதுதான், ஒரு மீட்டர்கூடக் கழிக்க மாட்டேன் என்று உட்கார்ந்திருக்கும்.

இந்த இரண்டாவது ரகத்தில் ஒன்று, யாரும் அதிகம் எட்டிப் பார்க்காத இடத்தில் ஒளிந்திருக்கிறது. ரோயிங் மெஷினின் மானிட்டருக்குள்.

ரோயிங் மெஷின் பார்த்திராதவர்களுக்கு: ஏழெட்டு அடி நீளத்துக்கு ஒரு தண்டவாளம். அதன் மேல் உருளை வைத்த ஒரு குட்டி ஆசனம். பாதத்தைக் கட்டிக் கொள்ளப் பட்டை. அதற்கும் முன்னால் கூண்டுக்குள் ஒரு காற்றாடிச் சக்கரம், அதிலிருந்து வரும் சங்கிலியின் முனையில் கைப்பிடி. காலை உதைத்து, முதுகைச் சாய்த்து, கைப்பிடியை வயிறு வரை இழுக்க வேண்டும். சக்கரம் ‘ஹூ...ஷ்’ என்று சுற்றும். முன்னால் போய் மறுபடி இழுக்க வேண்டும். கிணற்றில் ராட்டினம் போட்டுத் தண்ணீர் இறைத்த தலைமுறைக்கு இதில் புதுசாக ஒன்றுமில்லை. குடம் மட்டும் மேலே வராது.

தரையில் உட்கார்ந்து துடுப்புப் போடும் யோசனை ரொம்பப் பழசு. கி.மு. நான்காம் நூற்றாண்டில் ஏதென்ஸ் தளபதி காப்ரியாஸ், கப்பலுக்குப் புதிதாக வந்த ஆட்களைக் கடற்கரையில் பலகை போட்டு உட்கார வைத்துத் துடுப்பு வலிக்கப் பழக்கினார் என்று பழைய போர்த் தந்திரப் புத்தகம் ஒன்றில் இருக்கிறது. 1912-ல் மூழ்கிய டைட்டானிக்கின் ஜிம்மிலும் ஒரு ரோயிங் மெஷின் இருந்தது; கூடவே ஒரு மின்சார ஒட்டகமும். அட்லாண்டிக்கில் விரைந்து கொண்டிருக்கும் கப்பலுக்குள் நகராத ஒரு படகு! மனிதன் என்னவெல்லாம் யோசிக்கிறான் பாருங்கள்.

இன்று உலகம் முழுக்கப் பரவியிருக்கும் மெஷின், அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் டிரைசிகாக்கர் சகோதரர்கள் செய்தது. டிக், பீட் என்று இரண்டு பேர். படகுத் துடுப்பு செய்து விற்க 1976-ல் ஆரம்பித்தது அவர்களுடைய கான்செப்ட்2 கம்பெனி. 1981-ல் ஒரு சைக்கிள் சக்கரத்தைப் போட்டு முதல் மெஷினை உருவாக்கினார்கள். குளிர்காலத்தில் ஆறு உறைந்து போனால் படகுக்காரன் வீட்டுக்குள் என்ன செய்வான்? இதைத்தான் இழுப்பான். பாஸ்டனில் பழைய படகோட்டிகள் சிலர் சேர்ந்து இதிலேயே போட்டி நடத்த ஆரம்பித்தார்கள். தங்கள் கோஷ்டிக்கு அவர்கள் வைத்த பெயர், ‘சார்ல்ஸ் நதியின் மாஜி நட்சத்திரங்கள்’. ஜெயித்தவருக்குப் பரிசு ஒரு சுத்தியல். நிஜச் சுத்தியல்தான், ஆணி அடிப்பது.

சரி, மெஷின்தான் ஒரு அங்குலம்கூட நகரவில்லையே, மீட்டர் எங்கிருந்து வருகிறது?

நியாயமான கேள்வி. ஒவ்வொரு இழுப்பிலும் சக்கரம் எவ்வளவு வேகம் எடுக்கிறது, அடுத்த இழுப்புக்கு முன் எவ்வளவு தளர்கிறது என்று மானிட்டர் கவனித்துக் கொண்டே இருக்கிறது. தளர்கிற விதத்திலிருந்து காற்றின் எதிர்ப்பைக் கணக்கிட்டு, நீங்கள் செலவழித்த சக்தி எத்தனை வாட் என்று கண்டுபிடிக்கும். அந்த சக்திக்கு ஒரு படகு எவ்வளவு தூரம் போயிருக்கும் என்று ஒரு சூத்திரம் போட்டு, மீட்டராக்கிக் காட்டும். வேர்வையை மீட்டராக மாற்றித் தருகிற கணக்குப்பிள்ளை என்று வைத்துக் கொள்ளுங்கள்.

அந்த சூத்திரத்தில் ஒரு கொடூரம் உண்டு. தண்ணீரில் வேகத்தை இரண்டு மடங்காக்க சக்தி இரண்டு மடங்கு போதாது. எட்டு மடங்கு வேண்டும். அதையே மெஷினும் கடைப்பிடிக்கிறது. 500 மீட்டரை இரண்டரை நிமிஷத்தில் முடிக்க சுமார் 104 வாட் போதும். அதே 500 மீட்டரை இரண்டு நிமிஷத்தில் முடிக்க சுமார் 203 வாட். அரை நிமிஷம் குறைக்க உழைப்பு கிட்டத்தட்ட டபுள். பக்கவாட்டில் 1 முதல் 10 வரை ஒரு திருகு இருக்கும். ஜிம்முக்குப் புதிதாக வரும் வாலிபர்கள் முதல் காரியமாக அதைப் பத்தில் வைப்பார்கள். அதனால் மீட்டர் கூடாது, இடுப்புதான் பிடித்துக் கொள்ளும். காற்று எதிர்ப்பையும் மானிட்டர் கணக்கில் எடுத்துக் கொண்டு விடுகிறது.

திரையில் கலோரியும் ஓடும். அதை ரொம்ப நம்பாதீர்கள். உட்கார்ந்திருப்பவர் 175 பவுண்டு, அதாவது சுமார் 79 கிலோ என்று அதுவே ஒரு அனுமானம் வைத்திருக்கிறது. நீங்கள் 52 கிலோவாக இருந்தாலும் சரி, நூற்றிப் பத்தாக இருந்தாலும் சரி, அதற்கு நீங்கள் 79 கிலோ ஆசாமிதான். மெஷினுக்கு ஆளைத் தெரியாது. இதை ஞாபகம் வைத்துக் கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

விளையாட்டாக நினைக்க வேண்டாம். நிஜமாகவே ஆற்றில் படகு விடுகிறவர்களையும் இதில் 2,000 மீட்டர் இழுக்க வைத்துத்தான் எடை போடுகிறார்கள். மகாராஷ்டிரத்தில் நாசிக் மாவட்டத்து வறண்ட கிராமம் ஒன்றில் கிணறு வெட்டிக் கொண்டிருந்தவர் தத்து போகனள். 2012-ல் ராணுவத்தில் சேர்ந்த பிறகுதான் துடுப்பைப் பிடித்தார். 2016-ல் ரியோ ஒலிம்பிக்கில் தனிப் படகில் 13-வது இடம். 2018-ல் ஆசியப் போட்டியில் நால்வர் படகில் தங்கம். தண்ணீரைத் தேடித் தோண்டியவர், தண்ணீர் மேலேயே போய்ப் பதக்கம் வாங்கினார்.

மொத்தக் கணக்குக்கு வருவோம்.

ஒவ்வொரு நாளும் எவ்வளவு இழுத்தீர்கள் என்று மானிட்டர் தனித்தனியாகக் குறித்து வைக்கிறது. அதுபோக, மெனுவில் நாலு பட்டனைத் தட்டி உள்ளே போனால், அது பிறந்த நாளிலிருந்து இன்றுவரை அதன் முன்னால் உட்கார்ந்த எல்லோரும் இழுத்த மொத்த மீட்டரும் ஒரே எண்ணாக நிற்கும்.

இந்த ஆசையும் பழசுதான். ரோமாபுரிக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் ஒரு வண்டியைப் பற்றி எழுதியிருக்கிறார். சக்கரம் 400 தடவை சுற்றினால் ஒரு மைல். ஒவ்வொரு மைலுக்கும் ஒரு கூழாங்கல், அடியில் வைத்த வெண்கலப் பாத்திரத்தில் ‘டங்’ என்று விழும். ஊர் போய்ச் சேர்ந்ததும் கல்லை எண்ணிக் கொள்ள வேண்டியது. நம் பாட்டனார்களும் ‘இன்னும் ரெண்டு கல் தூரம்’ என்றுதான் சொன்னார்கள். அது ரோட்டோரத்து மைல்கல், இது பாத்திரத்துக் கல். எப்படியோ, தூரம் என்றால் கல்.

பத்து லட்சம் மீட்டர் தாண்டியவர்களுக்காக அந்தக் கம்பெனியே ‘மில்லியன் மீட்டர் கிளப்’ என்று ஒன்று வைத்திருக்கிறது. கேட்க மலைப்பாக இருக்கும். தினம் 5,000 மீட்டர் வீதம் 200 நாளில் முடிந்து விடும். ஆயிரம் கிலோமீட்டர், கிட்டத்தட்ட தமிழ்நாட்டின் கடற்கரை நீளம். இரண்டரை நிமிஷ வேகத்தில் போனால் மொத்தம் 83 மணி நேரச் சொச்சம்.

ஒரு குறும்புக் கணக்கு போட்டுப் பார்த்தேன். 104 வாட் வீதம் 83 மணி நேரம். மொத்த சக்தி சுமார் எட்டரை யூனிட். ஆமாம் ஸார், ஈ.பி. யூனிட்தான். தமிழக அரசு 2016-ல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று அறிவித்ததே, அந்த நூறு யூனிட்டை இழுத்தே உண்டாக்க வேண்டுமானால் 1 கோடியே 16 லட்சம் மீட்டர் இழுக்க வேண்டும். ஃபேனை அணைக்காமல் வெளியே போகும் பிள்ளைகளிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். கேட்க மாட்டார்கள். ஆனாலும் சொல்லுங்கள்.

இந்த எண்ணால் நிஜமான உபயோகம் பழைய மெஷின் வாங்குகிறவர்களுக்கு. என் அக்கா பையனுக்கு முப்பத்து நாலு வயசு, கம்ப்யூட்டர் உத்தியோகம். நாற்காலியோடேயே பிறந்த மாதிரி உட்கார்ந்திருப்பவன், ஒரு நாள் திடீரென்று ரோயிங் மெஷின் வாங்கப் போகிறேன் என்றான். புதுசு லட்சத்தைத் தாண்டுகிறது. ‘செகண்ட் ஹாண்ட் பார்க்கலாம். நீங்களும் வாங்க மாமா, எனக்குப் பேரம் பேச வராது’ என்று கூப்பிட்டான்.

முதலில் வேளச்சேரி. மெஷின் மேல் மூன்று துண்டு, ஒரு லுங்கி, பள்ளிக்கூட யூனிஃபாரம் காய்ந்து கொண்டிருந்தன. அவற்றை எடுத்து விட்டு, பையன் பட்டனைத் தட்டினான். மொத்தம் 3,870 மீட்டர்.

‘2021 ஜனவரியில வாங்கினது சார். புதுசு மாதிரி’ என்றார் சொந்தக்காரர்.

ஜனவரி என்றதும் புரிந்து விட்டது. புத்தாண்டு சபதம். நிஜமாகவே படகில் கிளம்பியிருந்தால் கிண்டியைக்கூடத் தொட்டிருக்க மாட்டார். ஆனால் எண்பதாயிரத்துக்கு ஒரு ரூபாய் குறையாது என்று விட்டார். ‘ஓடவே இல்லையே சார்’ என்பதுதான் அவர் வாதம்.

அடுத்து பெசன்ட் நகரில் ஒரு அம்மாள். எழுபது வயதிருக்கும். மெஷினுக்குப் பழைய புடவையில் உறை தைத்துப் போட்டிருந்தார். கணவர் ரிடையர்டு ஆடிட் அதிகாரி. 2020 ஊரடங்கில் பீச்சில் நடக்க முடியாமல் போனபோது வாங்கினாராம். 2023-ல் காலமாகி விட்டார். பிள்ளை வெளிநாட்டில். ‘இடத்தை அடைக்குது, யாருக்காவது குடுத்துடும்மா’ என்று அவன் போனில் சொல்லியிருக்கிறான்.

பையன் பட்டனைத் தட்டினான். 31,42,600.

‘நிறைய ஓடியிருக்கே ஆன்ட்டி. நீங்க சொல்ற விலைக்கு...’

‘ஓடினது நல்லதா, கெட்டதா தம்பி?’

‘இல்லே, தேய்மானம்னு ஒண்ணு இருக்கில்லையா? வேளச்சேரில ஒண்ணு பார்த்தோம், நாலாயிரம்கூட ஓடலை. அதுக்கே எண்பதுதான் கேக்கறாங்க.’

அந்த அம்மாள் கோபப்படவில்லை. ‘துணி காயப் போட்டா கூட விலை. இவர் தினம் உட்கார்ந்து இழுத்ததுக்குக் குறைச்சலா? நல்லா இருக்கு உங்க மார்க்கெட்டு’ என்று சொல்லி விட்டு, உள்ளே போய் ஒரு நீள நோட்டை எடுத்து வந்தார். மட்டை பைண்டு போட்டது.

நோட்டு என்றால் அது நோட்டு. தேதி, மீட்டர், நிமிஷம், குறிப்பு என்று நாலு பத்தி. குறிப்புப் பத்தியில் ‘மழை’, ‘ஜலதோஷம், விடுப்பு’, ‘பேரன் போன், பாதியில் நிறுத்தம்’. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கூட்டல், அடுத்த பக்கத்தின் தலையில் ‘முன்பக்கத் தொகை’. ஐம்பது மணி நேரத்துக்கு ஒரு தடவை சிவப்பு மையில் ‘சங்கிலிக்கு எண்ணெய்’. கம்பெனி சொல்கிற கணக்கு அதுதான், ஐம்பது மணிக்கு ஒரு முறை. இப்படி எண்ணெய் கண்ட மெஷினுக்கு முப்பத்தொரு லட்சம் ஒரு தூரமே இல்லை. கிளப்புகளில் கோடி தாண்டியதெல்லாம் உழைத்துக் கொண்டிருக்கிறது. மெஷினைக் கெடுப்பது துடைக்காத வேர்வையும் காய்ந்த சங்கிலியும்தான். இதை நான் பையன் காதில் சொன்னேன். அவன் கவனம் அங்கே இல்லை.

‘மாமா, இடிக்குதே’ என்றான். நோட்டில் கடைசிப் பதிவு 2023 பிப்ரவரி. மொத்தம் 29,86,400. மெஷினிலோ 31,42,600. வித்தியாசம் 1,56,200 மீட்டர்.

ஆடிட் அதிகாரி கூட்டலில் ஒன்றரை லட்சம் விட்டிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. பையன், மானிட்டரை வேறு மெஷினிலிருந்து கழற்றி மாட்டியிருக்கலாம் என்றான். அதுவும் நடக்கக் கூடியதுதான். இந்த மொத்தக் கணக்கு இருப்பது மானிட்டரின் ஞாபகத்தில். சக்கரத்திலோ சங்கிலியிலோ இல்லை. பழைய மெஷினில் புது மானிட்டரை மாட்டினால் கிழவன் குழந்தையாகி விடுவான். வாங்குகிறவர்கள் இதை விசாரித்துக் கொள்வது நல்லது.

‘யார் கழற்றினது? அதெல்லாம் ஒண்ணுமில்லை’ என்றார் அந்த அம்மாள். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், ‘அது நான்’ என்றார்.

‘நீங்களா?’

‘மத்தியானம் அவர் உள்ளே தூங்கிண்டிருப்பார். சீரியல்ல விளம்பரம் போடறப்போ வந்து உட்காருவேன். ஐநூறு மீட்டர், சில நாள் அறுநூறு. மறுபடி சீரியல். அவர் போனப்புறம் தொடலை.’

‘சார்கிட்டே ஏன் சொல்லலை?’

‘சொன்னா எனக்கும் ஒரு நோட்டு போட்டிருப்பார்!’

மூன்று பேரும் சிரித்தோம். சிரித்துக் கொண்டே நான் நோட்டைப் புரட்டினேன். கடைசி மட்டையின் உள்பக்கத்தில், அதே கோணல் இல்லாத கையெழுத்தில் சின்னதாக ஒரு அட்டவணை. வருஷா வருஷம் டிசம்பர் 31-ம் தேதி போட்டது. ‘மெஷின் காட்டுவது’ என்று ஒரு பத்தி, ‘என் கணக்கு’ என்று ஒரு பத்தி, ‘வித்தியாசம்’ என்று ஒன்று. 2020-ல் வித்தியாசம் 20,500. 2021-ல் 79,000. 2022-ல் 1,48,500. மூன்று வரிக்கும் எதிரே ஒரே குறிப்பு: ‘ஆட்சேபணை இல்லை.’

நோட்டை அப்படியே அவர் பக்கம் திருப்பி வைத்தேன். மூக்குக் கண்ணாடியை எடுத்து வந்து படித்தார். விரலை வைத்து மறுபடி ஒரு தரம் படித்தார். மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

‘தம்பி, காபி குடிச்சுட்டுப் போங்க’ என்றார். ‘மெஷின் குடுக்கறதா இல்லை.’

பையனும் ஒன்றும் பேசவில்லை. கிளம்பும்போது தண்டவாளத்தைத் துணியால் துடைத்து, புடவை உறையைத் தானே போட்டு விட்டு வந்தான். ரெண்டு பெரிய செல் புதுசாகப் போடச் சொல்லி, எப்படிப் போட வேண்டும் என்றும் காட்டிக் கொடுத்தான். அவர் நின்று கவனமாகப் பார்த்துக் கொண்டார்.

கடைசியில் வேளச்சேரி மெஷினைத்தான் வாங்கினோம். எழுபத்தெட்டுக்குப் படிந்தது. இரண்டாயிரம் குறைத்தது என் சாமர்த்தியம் என்று அக்கா வீட்டில் பேச்சு. போன வாரம் பார்த்தேன், திரையில் மொத்தம் 41,270. ‘பரவாயில்லையேடா, நாற்பத்தொண்ணு தாண்டிட்டியே’ என்றேன்.

‘இல்லே மாமா, முப்பத்தேழாயிரத்து நானூறுதான். 3,870 அவரோடது’ என்றான்.